ஏடிஎச்டி உள்ள ஊழியருக்கான பணியிட ஏற்பாடுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு உள்ள ஊழியருக்கும், அவரிடம் வேலை வாங்கும் மேலாளருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. வேலை எங்கே சறுக்குகிறதோ அதுவே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். தொடக்கத்தில் உள்ள இரண்டு சோதனைகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

அதற்கும் முன்பு ஓர் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். ஏடிஎச்டியில் குறைபடுவது அறிவும் அல்ல, அக்கறையும் அல்ல. செய்ய வேண்டியதை மனத்தில் நிறுத்திவைப்பது, உரிய வேளையில் தொடங்குவது, நேரம் கழிவதை உணர்வது, குறுக்கே வருவதைத் தள்ளிவைப்பது ஆகிய செயல்களைத்தான் அது பாதிக்கிறது. ஆகவே எந்த ஏற்பாட்டைப் பரிந்துரைத்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இந்த ஏற்பாடு பலிப்பதற்கு, எந்தத் திறன் குறைவாக இருக்கிறதோ அந்தத் திறனே தேவைப்படுகிறதா? ஆம் என்றால் அது சில நாட்களில் கைவிடப்படும். "ஒரு டைரி வாங்கி எழுதிவையுங்கள்" என்ற அறிவுரை பெரும்பாலும் தோற்பதற்கு இதுதான் காரணம். டைரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருந்தால்தான் டைரி உதவும். மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவரிடம் அதை மாட்டிக்கொண்டு தேடச் சொல்வதற்கு ஒப்பானது அது. பலிக்கும் ஏற்பாடு, வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை நடக்கும் நேரத்திலேயே, தானாக வந்து கண்ணெதிரே நிற்பதாக இருக்க வேண்டும்.

முதல் சோதனை: இந்தச் சிக்கல் எப்போதிலிருந்து, எங்கெங்கே?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, ஏடிஎச்டியின் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு சூழல்களிலாவது அவை இருக்க வேண்டும். பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவுப் பட்டியலிலோ மிகையியக்கப் பட்டியலிலோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும்; சிறுவர்களுக்கு ஆறு தேவை. பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2.5 பேருக்கு இது இருப்பதாக அதே கையேடு குறிப்பிடுகிறது.

இதை இங்கே சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மறதியும் தாமதமும் கடந்த ஆறு மாதங்களாகத்தான், புதிய வேலைக்கு வந்த பிறகுதான் தலைகாட்டின என்றால், முதலில் வேறு இடங்களில் தேட வேண்டும். தூக்கக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகிய எல்லாமே கவனத்தைக் குலைக்கும். இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருப்பதும் அதே அறிகுறிகளைத் தரும். அதற்கு மருத்துவரும் தேவையில்லை, ஏற்பாடும் தேவையில்லை, இன்னோர் ஆள்தான் தேவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்ட, பெரியவர்கள் தாமே நிரப்பும் ஏ.எஸ்.ஆர்.எஸ். வினாத்தாளின் முதல் ஆறு கேள்விகள், மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும். நோயை உறுதிசெய்ய அவை போதா.

இரண்டாம் சோதனை: எந்தக் கண்ணி அறுகிறது?

ஒரு வேலை வந்து சேர்கிறது, மனத்தில் நிற்கிறது, தொடங்கப்படுகிறது, தொடர்கிறது, முடித்து ஒப்படைக்கப்படுகிறது. இவை ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். "எனக்குக் கவனம் இல்லை" என்ற பொதுப்பேச்சை வைத்துக்கொண்டு எந்த ஏற்பாட்டையும் கேட்க முடியாது. இந்த ஐந்தில் எது அறுகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். இரண்டு வாரங்களுக்கு, ஒரு வேலை தவறும்போதெல்லாம் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எந்தக் கண்ணியில் தவறியது, அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது. இதற்கெனத் தனிக் கோப்பு வேண்டாம். நாள் முழுவதும் எப்படியும் திறந்தே இருக்கும் அரட்டைச் செயலியில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் செய்தி போதும். பின்னர் மேலாளரிடம் பேசும்போது, எந்த மருத்துவச் சான்றையும்விட இந்தக் குறிப்புகளே உங்களுக்குக் கைகொடுக்கும்.

அறிகுறி: வாயால் சொன்ன வேலை காணாமல் போகிறது

மேலாளர் நடைவழியில் நிறுத்தி மூன்று விஷயங்களைச் சொல்கிறார். கேட்டவர் தலையாட்டியதும் உண்மை, அப்போது புரிந்ததும் உண்மை. இருக்கைக்கு வந்து உட்காரும்போது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் அரைகுறையாக. ஒரு தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்ய உதவும் செயல்நினைவு ஏடிஎச்டியில் எளிதில் நிரம்பிவிடுவதே இதற்குக் காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது, எழுத்தில் வந்த வேலைகளும் இப்படித் தவறுகின்றனவா என்பதை. எழுத்தில் வந்தவை ஒழுங்காக முடிந்து, வாய்மொழியாக வந்தவை மட்டும் தவறுகின்றன என்றால் கேட்க வேண்டிய ஏற்பாடு தெளிவு: ஒதுக்கப்படும் வேலை ஒவ்வொன்றும் எழுத்தில் வர வேண்டும். மேலாளரே எழுதுவது நல்லது. அதற்கு அவருக்கு நேரமில்லை என்றால், ஊழியர் சொன்னவர் முன்னிலையிலேயே கைப்பேசியில் எழுதி, அங்கேயே அவருக்கு அனுப்பி, "சரிதானா?" என்று கேட்டுவிடலாம். இடத்துக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்பது ஏற்பாடு ஆகாது. இடத்துக்குப் போகும் அந்த முப்பது அடி தூரத்தில்தான் தகவல் தொலைகிறது.

எழுத்தில் வந்ததும் தவறுகிறது என்றால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். வேலை பல வாசல்கள் வழியே வருகிறது என்பது முதலாவது: பாதி மின்னஞ்சலில், பாதி வாட்ஸ்அப்பில், மீதி குழு அரட்டையில். ஒரே ஒரு பட்டியலை நிர்ணயித்து, அதில் ஏறாத வேலை ஒதுக்கப்படாத வேலை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதே தீர்வு. இது அந்த ஊழியருக்கு மட்டுமன்றிக் குழு முழுமைக்கும் பயன்படும்; ஆகையால் இதைப் பெறுவதற்கு யாரும் தம் மருத்துவ விவரத்தைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டாவது காரணம், எழுத்தில் இருந்தும் வேலை இன்னதென்று தெளிவாக இல்லை என்பது. "அந்த அறிக்கையைக் கொஞ்சம் பார்த்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்" என்ற வரியில் எந்த அறிக்கை, என்ன பார்க்க வேண்டும், சீக்கிரம் என்றால் எப்போது, யாருக்கு அனுப்புவது என்ற நான்கையும் படிப்பவரே ஊகித்தாக வேண்டும். "காலாண்டு விற்பனை அறிக்கையின் 3-ஆம் அட்டவணையில் கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, திருத்திய கோப்பை வியாழன் மாலை 4 மணிக்குள் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று எழுதினால் ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லை. எழுதுபவருக்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அறிகுறி: வேலை தெரியும், நேரமும் இருக்கிறது, தொடங்க மட்டும் முடியவில்லை

வெளியிலிருந்து பார்ப்பவர் சோம்பல் என்று முடிவுகட்டிவிடும் அறிகுறி இது. உள்ளே நடப்பது வேறு: கோப்பு திறந்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், செய்ய வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது, கை மட்டும் நகரவில்லை. மூளையில் டோப்பமின், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருட்கள் சமிக்ஞை கடத்தும் பாதைகளில் உள்ள வேறுபாடு இதில் பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. தொலைவில் உள்ள பலன், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்த நிமிடத்தில் ஒருவரை உந்தும் வலிமையை மிக விரைவாக இழந்துவிடுகிறது. ஆகவே "இது உங்கள் பதவி உயர்வுக்கு முக்கியம்" என்று நினைவூட்டுவதால் தவிப்பு கூடுமே தவிர, வேலை தொடங்காது.

இங்கே மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் அடி எது என்று தெரியாமல் நிற்கிறாரா? அப்படியானால் "பயிற்சிக் கையேடு தயாரிக்கவும்" என்பதை "பழைய கையேட்டைத் திறந்து, இனிப் பொருந்தாத தலைப்புகளுக்கு மஞ்சள் வண்ணமிடவும்" என்று சுருக்க வேண்டும். முதல் அடி, யோசிக்காமல் கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அளவு. மேலாளரும் ஊழியரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து பெரிய வேலையை இப்படி உடைப்பதையே ஓர் ஏற்பாடாகக் கேட்கலாம். நான் பார்த்தவரையில், கேட்கப்படாமலேயே விடப்படும் மிகப் பயனுள்ள ஏற்பாடு இதுதான்.

முதல் அடி தெரிந்தும் நிற்கிறார் என்றால், அருகில் இன்னொருவர் வேலை செய்துகொண்டிருப்பது உதவும். அந்த இன்னொருவர் உதவவோ கண்காணிக்கவோ வேண்டியதில்லை. தம் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தால் போதும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் காணொளி அழைப்பைத் திறந்துவைத்து, ஒலியை அடைத்துவிட்டு இதைச் செய்கிறார்கள். இதற்குப் பின்னால் வலுவான ஆய்வுச் சான்று திரண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏடிஎச்டி உள்ளவர்கள் மீண்டும் மீண்டும் பயனுள்ளது என்று சொல்வதும், செலவே இல்லாததும்தான் இதை முயன்று பார்க்கப் போதுமான காரணங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் விரிவாக ஆராய்ந்த "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்ற வடிவத் திட்டமும் இங்கே பொருந்தும்: "நாளை காலையில் செய்வேன்" என்பதற்குப் பதில், "காலைக் கூட்டம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், அந்தக் கோப்பைத் திறப்பேன்."

மூன்றாவது வகை, அச்சத்தால் நிற்பது. இதற்கு முன் செய்த இதே போன்ற வேலைக்குக் கடுமையான திட்டு கிடைத்திருந்தால், தொடங்காமல் இருப்பது தற்காப்பாகிவிடுகிறது. இங்கே நினைவூட்டிகளைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். "முதல் வரைவு அரைகுறையாகத்தான் இருக்கும், அதை அப்படியே காட்டலாம்" என்று மேலாளர் எழுத்தில் ஒப்புக்கொள்வதே இதற்கான ஏற்பாடு.

அறிகுறி: கெடு தவறுகிறது

எல்லாக் கெடுக்களும் தவறுகின்றனவா, நீண்ட கெடுக்கள் மட்டும் தவறுகின்றனவா என்று முதலில் பாருங்கள். நாளை தர வேண்டியதைத் தந்துவிடுகிறார், அடுத்த மாதம் தர வேண்டியது மட்டும் கடைசி இரவுக்குப் போய்விடுகிறது என்றால், காரணம் உழைப்புக் குறைவு அல்ல. ஏடிஎச்டி உள்ள பலருக்கு நேரம் "இப்போது", "அப்புறம்" என்ற இரண்டாக மட்டுமே உணரப்படுகிறது. ஆறு வாரங்களுக்கு அப்பால் உள்ள கெடு, ஐந்தாம் வாரத்தின் இறுதிவரை "அப்புறம்" பகுதியிலேயே கிடக்கிறது.

இதற்கு இடைக்கெடு வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அது எப்படி வைக்கப்படுகிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். ஊழியர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் இடைக்கெடு பலிப்பதில்லை, அது பொய்க்கெடு என்பது வைத்தவருக்கே தெரியும் என்பதால். மறுமுனையில் ஒருவர் உண்மையாகவே காத்திருக்க வேண்டும். முதல் வாரம் பொருளடக்கம், மூன்றாம் வாரம் தரவுகள் மட்டும், ஐந்தாம் வாரம் முழு வரைவு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் மேலாளரோ சக ஊழியரோ வாங்கிப் பார்க்கப் பதினைந்து நிமிடச் சந்திப்பை நாட்காட்டியில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். சந்திப்பை யார் போடுவது என்று கேட்டால், மேலாளர் என்பதே என் பதில். ஊழியரிடம் விட்டால் அது மறக்கப்படலாம். அந்தச் சந்திப்பில் பொருளைப் பார்க்க வேண்டும். "எப்படிப் போகிறது?" என்ற கேள்விக்கு "போகிறது" என்ற பதில்தான் வரும்; "அட்டவணையைக் காட்டுங்கள்" என்றால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

சிறியது பெரியது என்றில்லாமல் எல்லாம் தாமதமாகிறது என்றால், வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணிப்பதில் பிழை இருக்கலாம். ஒரு மாதத்துக்கு, அடிக்கடி வரும் சில வேலைகளுக்கு மட்டும், தொடங்குமுன் கணித்த நேரத்தையும் முடித்தபின் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஓரளவு நிலையாக இருந்தால், அடுத்த கணிப்புகளை அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ளலாம். மனத்தைத் திருத்துவதைவிடக் கணக்கைத் திருத்துவது எளிது. மேசைமீது முள் நகர்வது தெரியும் கடிகாரமோ, மீதி நேரம் வண்ணமாகக் குறைந்துவரும் டைமரோ இருப்பதும் சிலருக்கு உதவுகிறது.

கெடுவை நீட்டிக் கொடுப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். "அப்புறம்" என்ற பகுதி இன்னும் நீளும், கடைசி இரவு ஒரு வாரம் தள்ளிப்போகும், வேறொன்றும் மாறாது.

அறிகுறி: காலையில் தாமதம்

ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உறக்கக் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. தூக்கம் வருவதே நள்ளிரவுக்குப் பிறகுதான். இவர்களுக்கு வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, அதே அளவு மாலையில் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலும் பலிக்கும். ஆனால் "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று முழுமையாகத் தளர்த்திவிட்டால் நாளின் தொடக்கமே கரைந்துபோகும் ஆபத்து உண்டு. ஒன்பதுக்குப் பதில் பத்து என்று நிலையான இன்னொரு நேரம் வைப்பதே நல்லது. பத்து என்று மாற்றிய பிறகும் பத்தே காலுக்குத்தான் வருகிறார் என்றால் சிக்கல் உறக்கத்தில் இல்லை, வீட்டை விட்டுக் கிளம்பும் கட்டத்தில் இருக்கிறது. அங்கே அலுவலகம் செய்யக்கூடியது குறைவு. முதல் கூட்டத்தை வருகை நேரத்துக்கு அரை மணி தள்ளி வைப்பது மட்டும் சாத்தியம். வாடிக்கையாளரை நேரில் கவனிக்கும் வேலையிலோ, அடுத்தவரை விடுவிக்க வேண்டிய ஷிஃப்ட் வேலையிலோ இந்த நெகிழ்வுக்கு இடமில்லாமல் போகலாம். அப்போது பிந்திய ஷிஃப்டுக்கு நிரந்தரமாக மாறுவதையும், ஷிஃப்ட் வாரந்தோறும் சுழலாமல் இருப்பதையும் கேட்கலாம்.

அறிகுறி: உட்கார்ந்த வேலை நகரவில்லை, எது நடந்தாலும் கவனம் அங்கே போகிறது

தடை மூன்று இடங்களிலிருந்து வரலாம்: சுற்றுப்புற ஒலியும் அசைவும், கணினியில் துள்ளும் அறிவிப்புகள், மனத்துக்குள் எழும் வேறு நினைவுகள். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் எது மிகுதி என்று தெரியும்.

ஒலியும் அசைவும் என்றால் இடத்தை மாற்ற வேண்டும். நடைபாதை, கதவு, பிரிண்டர், தேநீர் இயந்திரம் ஆகியவற்றுக்கு எதிரே உட்காராமல், முதுகுக்குப் பின் ஆள் நடமாட்டம் இல்லாமல் சுவரோரமாக ஓர் இருக்கை கிடைத்தாலே நிறைய மாறும். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் அடுத்த படி. அறைக்குள் தனியே அடைத்துவிடுவதே தீர்வு என்று நினைத்துவிடக் கூடாது. ஏடிஎச்டி உள்ள சிலருக்கு முழு அமைதியில்தான் மனம் அதிகம் அலைகிறது, மெல்லிய ஒரே சீரான ஒலி இருந்தால் நிலைக்கிறது. இருவகையையும் ஒவ்வொரு வாரம் சோதித்துவிட்டுக் கேளுங்கள்.

அறிவிப்புகள் என்றால், நாளில் இரண்டு மணி நேரம் அரட்டைக்கும் அழைப்புக்கும் பதில் தர வேண்டியதில்லை என்ற ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் என்ற பகுதிதான் முக்கியம். அது இல்லாமல் ஊழியர் தாமாக அறிவிப்பை அணைத்துவிட்டால், யாரோ தேடுகிறார்களோ என்ற பதற்றமே ஓர் இடையூறாகிவிடும். உண்மையிலேயே அவசரம் என்றால் எப்படி அழைப்பது என்பதையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கும் பொருந்தும் உண்மை. ஏடிஎச்டி உள்ளவருக்குத் திரும்பி வரும் வழியே பல நேரம் தொலைந்துபோகிறது. எழுந்து போகுமுன் "அடுத்து 14-ஆம் வரியில் தொடர வேண்டும்" என்று கோப்புக்குள்ளேயே ஒரு வரி அடித்துவிட்டுப் போவது அந்த வழியைக் காப்பாற்றும்.

மனத்துக்குள்ளிருந்து வரும் தடைக்கு இருக்கையை மாற்றிப் பயனில்லை. தோன்றியதை உடனே கொட்டிவிட மேசைமீது ஒரு தாள் இருந்தால், அதைப் பின்தொடர்ந்து ஓட வேண்டிய தேவை குறையும்.

அறிகுறி: கூட்டங்களில் மனம் விலகுகிறது, அல்லது குறுக்கே பேசிவிடுகிறார்

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தருவது, நின்றுகொண்டோ கையில் எதையாவது உருட்டிக்கொண்டோ இருக்க அனுமதிப்பது, காணொளிக் கூட்டத்தில் கேமராவை அணைத்துக்கொள்ள விடுவது, எல்லோருடைய சம்மதத்தோடும் பதிவு செய்வது, முடிவுகளை எழுத்தில் சுற்றுக்கு விடுவது: இவற்றில் எதுவும் கடினமானதல்ல. குறுக்கே பேசுவது பெரும்பாலும் மரியாதைக் குறைவால் நேர்வதல்ல, தோன்றிய கருத்து அடுத்த நொடி மறந்துவிடும் என்ற அவசரத்தால் நேர்வது. கருத்தை எழுதிவைத்துக்கொள்ளத் தாளும், தம் முறை நிச்சயம் வரும் என்ற உறுதியும் இருந்தால் அது தணிகிறது. எல்லாவற்றையும்விட, அவர் தேவைப்படாத கூட்டத்துக்கு அவரை அழைக்காதீர்கள்.

அறிகுறி: பெரியது சரியாக இருக்கிறது, சிறியது பிழையாகிறது

ஆய்வு நுட்பமாக இருக்கிறது, மின்னஞ்சலில் இணைப்பு விட்டுப்போகிறது. வடிவமைப்பு சிறப்பாக இருக்கிறது, தேதி தவறாக இருக்கிறது. "கவனமாக இருங்கள்" என்று சொல்வதால் இது மாறாது. ஒப்படைக்கும் இடத்திலேயே நிற்கும் சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும், அதுவும் ஐந்தாறு வரிகளுக்கு மிகாமல். நீண்ட பட்டியல் படிக்கப்படாமலேயே குறியிடப்படும். எழுதிய உடனே சரிபார்க்காமல் சற்று இடைவெளி விட்டுப் பார்ப்பது, கணினியை உரக்கப் படிக்கச் செய்து கேட்பது, எண்கள் உள்ள பக்கத்தை மட்டும் இன்னொருவர் பார்ப்பது ஆகியவை பயன்தரும்.

அறிகுறி: ஒரு நாள் அபாரம், மறுநாள் ஒன்றுமில்லை

மேலாளர்களுக்கு மிகுந்த எரிச்சலூட்டுவது இதுதான். நேற்று ஆறு மணி நேரம் எழாமல் உட்கார்ந்து மூன்று நாள் வேலையை முடித்தவர், இன்று அரைப்பக்கக் கடிதம் எழுதவில்லை என்றால், வேண்டுமென்றே செய்கிறார் என்ற சந்தேகம் எழுவது இயல்பே. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு ஏடிஎச்டியின் குணங்களில் ஒன்று. ஆர்வமோ புதுமையோ அவசரமோ கூடிவரும்போது கவனம் அளவுக்கு மீறிக் குவிகிறது. அது ஊழியர் விரும்பியபோது திறந்து விரும்பியபோது மூடக்கூடியதல்ல.

இதைச் சரிசெய்வதில் மிகப் பெரிய தவறு, சிறந்த நாளை இயல்பான நாளாக எடுத்துக்கொண்டு அதன்படி வேலையை ஒதுக்குவது. பல வாரங்களின் சராசரியைப் பாருங்கள். வேலை வகை இடம்கொடுத்தால், அளவீட்டை நாள் கணக்கிலிருந்து வாரக் கணக்குக்கு மாற்றுவது ஒரு முறையான ஏற்பாடு. அபார நாட்களில் சாப்பாட்டையும் கிளம்பும் நேரத்தையும் மறந்துவிடுபவர்களுக்கு, ஒரு சக ஊழியர் வந்து தோளைத் தட்டுவதும் ஏற்பாடுதான். அடுத்த நாளின் சரிவுக்குப் பாதிக் காரணம் அந்த இரவின் களைப்பே.

நாள்தோறும் ஒரே வேளையில், குறிப்பாகப் பிற்பகலின் பின்பகுதியில், சரிவு வருகிறது என்றால் அது வேறு. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்தின் உடனடி வகை சில மணி நேரமே செயல்படும். நீடித்து வெளியாகும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை செல்லும். அளவையும் வேளையையும் மாற்றுவது மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது. அதுவரை, ஆழ்ந்த கவனம் கேட்கும் வேலைகளை முற்பகலிலும், வழக்கமான சிறு வேலைகளைப் பிற்பகலிலும் வைக்கும்படி அட்டவணையை மாற்றிக் கேட்கலாம். மருந்து பற்றிய விவரத்தை மேலாளருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இதில் எங்கும் இல்லை.

அறிகுறி: ஏற்பாடு கிடைத்தது, சில வாரங்களில் நின்றுவிட்டது

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஏற்பாடு பேச்சளவில் மட்டும் இருந்து, மேலாளர் மாறியதும் அதுவும் போயிருக்கலாம். எழுத்தில் இருந்திருந்தால் புதியவரிடம் அதைக் காட்டியிருக்கலாம். அல்லது, தொடக்கத்தில் சொன்ன அளவுகோலில் அது தோற்றிருக்கலாம்: வாராந்தரச் சந்திப்பை ஊழியரே நினைவில் வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விட்டிருந்தால், அது நின்றதில் வியப்பில்லை. அல்லது, அது பலித்தே இருக்கலாம், புதுமை போனதால் கண்ணில் படாமல் போயிருக்கலாம். திரையோரம் ஒட்டிய குறிப்பு ஒரு மாதத்தில் சுவரின் பகுதியாகிவிடுகிறது. ஏடிஎச்டியில் இது இன்னும் விரைவாக நடக்கும். நினைவூட்டியின் ஒலி, நிறம், இடம் ஆகியவற்றை அவ்வப்போது மாற்றுவதையும் பராமரிப்பாகவே கருதி, எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மறுபார்வைத் தேதியை நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது, மறுத்தால் என்ன செய்வது

நோயின் பெயரைச் சொல்லாமலேயே மேற்கண்டவற்றில் பாதியைப் பெற்றுவிடலாம். ஆகவே முதலில் சாதாரணக் கோரிக்கையாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை, அல்லது கேட்பது வேலை நேர மாற்றம் போன்ற பெரிய ஏற்பாடு என்றால், மனிதவளத் துறைக்கு எழுத்தில் போவது முறை. கடிதத்தில் மூன்று போதும்: எந்த வேலையில் என்ன தடை, எந்த மாற்றம் வேண்டும், எவ்வளவு காலம் சோதிக்கலாம். எடுத்துக்காட்டாக: "எனக்கு மருத்துவரால் உறுதிசெய்யப்பட்ட ஒரு நிலை காரணமாக, வாய்மொழியாகத் தரப்படும் பல பணிகளை ஒருசேர நினைவில் வைப்பது கடினமாகிறது. பணிகள் அனைத்தும் குழுவின் பணிப்பட்டியலில் கெடுவுடன் பதியப்பட்டால் இதைத் தவிர்க்க முடியும். இதை ஆறு வாரங்கள் நடைமுறைப்படுத்தி, முடிவில் சேர்ந்து மதிப்பிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." குழந்தைப் பருவ வரலாறோ மன்னிப்போ இதில் இடம்பெற வேண்டியதில்லை.

சட்ட நிலை நாட்டுக்கு நாடு மாறும். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமையாகாத நியாயமான ஏற்பாடுகளை மறுப்பதையும் பாகுபாடாகவே வரையறுக்கிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதன் 2008 திருத்தமும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், அன்றாடச் செயலை ஏடிஎச்டி கணிசமாகப் பாதிக்கும்போது அதற்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி தனிப்பெயராக இல்லை. கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை உள்ளன. உங்கள் நாட்டில் எந்தப் பிரிவின்கீழ் கேட்க முடியும் என்பதை, கடிதத்தில் சட்டத்தை மேற்கோள் காட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவைக் காரணம் காட்டினால் இரண்டு செய்திகள் உதவும். பத்து நாடுகளில் நடந்த கணக்கெடுப்பை வைத்து 2008-இல் வெளியான ஆய்வு, ஏடிஎச்டி உள்ள ஊழியரிடம் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 நாள் அளவுக்குக் கூடுதலான வேலையிழப்பைக் கண்டது. மறுபுறம், அமெரிக்காவின் பணியிட ஏற்பாட்டு ஆலோசனை அமைப்பான ஜான் (Job Accommodation Network) பல ஆண்டுகளாக நடத்திவரும் முதலாளிகள் கணக்கெடுப்பில், பல்வகைக் குறைபாடுகளுக்கும் செய்யப்பட்ட ஏற்பாடுகளில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ செலவே இல்லாதவை.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "வழக்கமில்லை" என்பது காரணமாகாது. "அந்த நேரத்தில் கவுண்டரில் வேறு ஆள் இல்லை" என்பது காரணம், அதற்கு மாற்று யோசனை சொல்லவும் முடியும். கேட்டது கிடைக்காவிட்டாலும், அறுந்த அதே கண்ணிக்கு வேறோர் ஏற்பாட்டை அவர்களே முன்வைத்தால், அளவுகோலில் அது தேறுகிறதா என்று பார்த்து, தேறினால் ஆறு வாரம் சோதித்துப் பாருங்கள். தேறாவிட்டால் ஏன் தேறாது என்பதை ஒரே வரியில் பதிலாக எழுதி, கடிதங்களையும் இரண்டு வாரக் குறிப்பையும் தேதி வாரியாக, அலுவலகக் கணக்கில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் நிறுவனத்தின் ரகசியத் தகவல் எதுவும் அந்தப் பிரதியோடு வெளியே போகாமல் நீக்கிவிடுங்கள்.